கவிழும் கோணம்

ஜீப்பிலிருந்த சரிவறியின் திரையில் பச்சை எரிந்தது. "முப்பத்தொரு பாகை வரை பக்கவாட்டில் சாயலாம். கடந்து செல்லுங்கள்" என்றது அதன் குரல்.

தமயந்தி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. மழையில் பாதை சரிந்துவிட்டது. மேலே குதிரைமொட்டு ஊருக்கு ஜீப் போக வேண்டுமென்றால் இந்தப் புல்சரிவைக் குறுக்கே கடந்தாக வேண்டும். ஆனால் போன மாதம், காய்ந்த மண்ணிலேயே, இருபத்திரண்டு பாகைக்கு மேல் சரிவறி அவளை விடவில்லை.

"ஏன்க்கா நிக்கிறீங்க? மேல அந்தாளப் பாம்பு கடிச்சு ரொம்ப நேரமாச்சு" என்றாள் நர்ஸ் பிலோமினா. மருந்துப் பெட்டி அவள் மடியில் இருந்தது. "பச்சை காட்டுதுல்ல?"

மலை ஜீப்புகளில் சரிவறி வந்தபின் யாரும் சரிவைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார்கள். சக்கரப் பிடிப்பு, மண்ணின் ஈரம், சுமை எல்லாவற்றையும் அது அளக்கும். ஒரு வண்டியில் கற்றதை மற்ற வண்டிகளுக்கும் சொல்லும். நான்கு ஆண்டுகளாக ஒரு ஜீப்கூடக் கவிழவில்லை.

"இம்புட்டு ஏன் கூட்டுன?" என்று தமயந்தி அதனிடமே கேட்டாள். கேட்டால் அது எதையும் மறைக்கக் கூடாது என்பது சட்டம்.

"வண்டி எந்தக் கோணத்தில் கவிழும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியாது. ஏதாவது ஒன்று கவிழ்ந்தால்தான் தெரியும்."

பிலோமினா மெல்லக் கதவைத் திறந்தாள். "நான் நடந்தே போயிடுறேன்க்கா." பெட்டியை அணைத்துக்கொண்டு, புல்லைப் பற்றி ஏறத் தொடங்கினாள்.

"நான் போகமாட்டேன்" என்றாள் தமயந்தி.

"சரி. பின்னால் வரும் வண்டியிடம் சொல்கிறேன்" என்றது சரிவறி.

பின்னால் இன்னொரு ஜீப்பில் காலி ஸ்ட்ரெச்சரோடு வந்துகொண்டிருந்தவன் அவள் கணவன் காசிராஜன். தமயந்தி ஜீப்பைத் திருப்பிப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

அவன் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் தன் திரையைக் காட்டினான். "இதுல இருபத்தெட்டுன்னுதான போட்டிருக்கு. கொஞ்சம் கீழ தள்ளிப் போகச் சொல்லுது."

தமயந்தி ஜன்னல் வழியே குனிந்தாள். "இருபத்தெட்டு எப்படி வந்துச்சு?"

"முப்பத்தொன்றில் நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். இருபத்தெட்டில் இவர் சந்தேகப்படவில்லை."

"பாத்தியா, நீ சொன்னதும் கொறச்சுக்கிருச்சு" என்றான் காசிராஜன். "நாலு வருசத்துல ஒருநாளாச்சும் தப்பாச் சொல்லியிருக்கா? வண்டிய எடு, மேலருந்து நோயாளிய இறக்கணும்."

மேலே ஊர்க்காரர்கள் ஓடிவந்து பிலோமினாவிடம் பெட்டியை வாங்கிக்கொள்வது தெரிந்தது.

தமயந்தி கையை நுழைத்து அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கினாள். பின்னாலிருந்த ஸ்ட்ரெச்சரை இறக்கி, அதன் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

காசிராஜன் பச்சைத் திரையைப் பார்த்தான். பிறகு அவளைச் சந்தேகத்தோடு பார்த்தான்.