ஒன்பதாம் பக்கத்து இலைகள்

கைடிராவின் அப்பா அவளுக்குக் கற்றுக்கொடுத்த இலை உரக் கலவைக்கு எங்கள் ஊரில் முதலில் விலை சொன்னவன் கடைக்காரன் பிவெரி. ஒரு சினைப் பன்றி, இரண்டு மூட்டை அரிசி. அவள் நொனோட்டித் தீவிலிருந்து மருமகளாக வந்து இறங்கிய வாரமே கேட்டுவிட்டான். அவள் சிரித்து மழுப்பினாள். அப்புறம் புருஷன் வீட்டார் கேட்டார்கள். கொஞ்சிக் கேட்டார்கள், குத்திக் கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அவள் வாய் திறக்கவில்லை.

அதில் தப்பும் இல்லை. எங்கள் தீவுகளில் ஒருவனிடம் எத்தனை கடன் என்று கேட்கலாம், பெண்டாட்டி ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்றுகூடக் கேட்கலாம். பாபாய்க் குழிக்குள் என்ன போடுகிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆளை மறைக்கும் இலையோடு வளரும் அந்தப் பெருஞ்சேம்புக்கு எந்த இலையை எப்போது உரமாகப் போடுவது என்பது அப்பன் பிள்ளைக்குக் காதோடு சொல்கிற சமாசாரம். வெளியே சொன்னவருக்குப் பிறந்த வீட்டில் பாய் விரிக்க மாட்டார்கள்.

அன்று காலையில் கைடிராவின் பாய் பறந்தது புகுந்த வீட்டிலிருந்து.

"எடுத்துக்கிட்டுப் போடி!" என்று கத்தினாள் நாத்தனார் போட்டிகா. அந்த வீட்டின் எட்டுக் குழிகளுக்கும் அவள்தான் ராணி. "இருபத்திரண்டு வருஷமா எங்க மீனைத் தின்னே. எங்ககிட்ட ஒரு இலைப் பேரு சொல்லலை. நேத்து வந்த ஆபீஸர் பொண்ணுகிட்ட மொத்தத்தையும் கொட்டிட்டியே!"

"அண்ணி... கொஞ்சம் கேளுங்க..."

"என்னத்தைக் கேக்க? நீ சொன்னது நிஜம்னா எங்களுக்குத் துரோகம். பொய்யின்னா ஊருக்கே துரோகம். எதுன்னு நீயே சொல்லு!"

கைடிரா புருஷன் முகத்தைப் பார்த்தாள். தோக்கா வலையில் இல்லாத கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். பிப்ரவரி மாதத்துப் பெரிய ஏற்றத்தில் கடல் கரையைத் தாண்டி உள்ளே வந்து, குழிகளில் உப்பை இறக்கிவிட்டுப் போனது. கிழங்கெல்லாம் அழுகி, ஊரே கடை அரிசிக்கு வரிசையில் நின்றது. விவசாய ஆபீஸிலிருந்து ரோதியா என்ற பெண் வந்தாள். வீட்டுக்கு வீடு போய், "உங்க பழைய முறையைச் சொல்லுங்க, பேரு போட மாட்டேன். எது உப்பைத் தாங்குதுன்னு ஊரே நட்டுப் பாக்கலாம்" என்று கெஞ்சினாள். பத்து வீடும் சொன்னது. பதினோராவதாக, கிணற்றடியில் வைத்து, கைடிரா சொன்னாள். முறைக்கு ஒரு பக்கமாக அச்சாகி வந்த சிறு புத்தகத்தில் அது ஒன்பதாம் பக்கம். பத்து வீட்டுக்குப் பதினோரு பக்கம் எப்படி வந்தது என்று விரல் விட்டு எண்ணிய முதல் ஆள் போட்டிகா.

"வெள்ளிக்கிழமை படகு வருது. உங்க அண்ணன்கிட்டயே போ!"

படகு வந்தது. புத்தகம் நொனோட்டிக்கும் போயிருக்க வேண்டும்; அவளுடைய அண்ணன் சொல்லியனுப்பிய சேதியும் அதிலேயே வந்தது. "அப்பா சொன்னதை ஊருக்கு வித்தவளுக்கு இங்கே பாய் இல்லை."

விற்றாளாம்! வாங்கியது என்ன? கைடிரா கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, புகை மண்டிய சமையல் குடிசையில் தன் பாயை விரித்துக்கொண்டாள். நாலு மாதம் அங்கேதான் படுத்தாள். மீன் சுட்டாள், தண்ணீர் இறைத்தாள், போட்டிகாவின் துணியும் துவைத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

"நீயாவது அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டுடேன்," என்றான் தோக்கா ஒருநாள், தட்டை நீட்டிக்கொண்டே.

"எதுக்குங்க?"

"எதுக்காவது..."

அவள் தட்டில் மீனின் தலையை வைத்தாள், முள்ளோடு.

இதற்கிடையில் ஊர் நட்டது. வீட்டுக்குப் பன்னிரண்டு நாற்று. எந்தப் பக்கம் யார் வீட்டுடையது என்பதை மோப்பம் பிடிக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு சாயங்காலம் போதும். ஆறு வீட்டார் போட்டிகாவின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். விருந்துக்கு விருந்து பெரிய கிழங்கு கொண்டுவந்த வீடாயிற்றே! கடற்பாசியை ஈரத்தோடு கொண்டுவந்து வேரடியில் அமுக்கினார்கள். போட்டிகா யாருக்கும் தெரியாமல் மூன்றாம் பக்கத்தைப் பின்பற்றி மீன் குடலைப் புதைத்தாள். ஒன்பதாம் பக்கத்தை ஒருவரும் சீந்தவில்லை, கபிரியைத் தவிர. கபிரி ஊரறிந்த சோம்பேறி. மற்றப் பக்கங்களுக்குக் கடற்கரை வரை நடக்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்துச் சாமான் எல்லாம் அவன் வீட்டைச் சுற்றியே கிடந்தது.

நாலாம் மாதம் பொதுக்கூடமான மனேயாபாவில் ஊர் கூடியது. அந்தப் பெரிய கூரைக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் இடம் உண்டு. வாழ வந்த மருமகள்கள் பின்னால், தூண் நிழலில். ரோதியா நோட்டைப் பிரித்தாள்.

"கிட்டத்தட்ட எல்லாம் போச்சு. இந்தக் குழிகளை மூடிடலாம்னு மேலே எழுதச் சொல்றாங்க..."

அவ்வளவுதான், கூரை அதிர்ந்தது. "அந்த வெளித்தீவுக்காரி பக்கம் புத்தகத்துல ஏறினப்பவே தெரியும்!" என்றான் பிவெரி. "அவ வாய் வெச்சதுதான் விளங்கலை!"

"அவளை அன்னிக்கே படகுல ஏத்தியிருக்கணும்," என்றாள் ஒருத்தி.

போட்டிகா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முடிக்கலை நான்," என்றாள் ரோதியா. "கபிரி அண்ணன் வீட்டுல பதினொண்ணு நிக்குது. பச்சையா, இடுப்பு உசரத்துக்கு. அவர் நட்டது ஒன்பதாம் பக்கம்."

எல்லார் தலையும் கபிரி பக்கம் திரும்பியது. "நான் ஒண்ணும் பண்ணலைப்பா," என்றான் அவன் பயந்துபோய்.

அப்போது கைடிரா எழுந்தாள். தூணைத் தாண்டி, எந்த மருமகளும் மிதிக்காத நடுவிடத்துக்கு வந்தாள்.

"எங்க ஊர்க் கிணத்துல எப்பவும் பாதி உப்புதான். நல்ல தண்ணி லேசு, மேலே மிதக்கும். உப்புத் தண்ணி கீழே கிடக்கும். அதனால எங்கப்பா குழிக்குள்ளே மேடு கட்டுவாரு. மக்கின தேங்காய் மட்டையில முழங்கை உசரம். அதுமேல அடியில்லாத கூடை வெச்சு, நிழல்ல காஞ்ச ஈரப்பலா இலை போடுவாரு. கடல்ல இருந்து ஒரு துரும்பு சேராது. இவ்வளவுதான் ரகசியம்! போன ஏத்தத்துக்கு அப்புறம் இங்கே பிள்ளைங்க அரிசிக்கஞ்சிக்கு அழுததைப் பாத்தேன். சாப்பிட ஆளில்லாத ஊர்ல எங்கப்பா ரகசியத்தைப் பூட்டி வெச்சு யாருக்கு ஆகப்போகுதுன்னு சொல்லிட்டேன். எங்கண்ணன் வீட்டுக் கதவு சாத்திடும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்! நீங்க என்ன பண்ணினீங்க? ஆபீஸர் பொண்ணுகிட்ட ஆளுக்கு ஒரு பொய். சரி, சொன்னீங்க. அடுத்தவன் பொய்யை நிஜம்னு நம்பி உங்க குழியிலேயே புதைச்சீங்களே... அறிவிருக்கா?"

தான் ஒருவன்தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எங்கள் ஊரின் பொதுச்சொத்து. அன்று அது பொதுவில் உடைந்தது.

"பாசி..." என்று ஆறு வீட்டாரும் மெதுவாகப் போட்டிகா பக்கம் திரும்பினார்கள்.

போட்டிகா எழ முயன்று, முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பொய்தான்! நாங்க என்னிக்குப் பாசி போட்டோம்? நான் சொன்னது பச்சைப் பொய்! இவ நிஜத்தைச் சொல்லிட்டு அடுப்படியில படுத்தா... நான் பொய்யைச் சொல்லிட்டு நடுவீட்டுல படுத்தேன்..."

"அக்கா, விடு..." என்று தோக்கா எழுந்தான்.

"நீங்க உக்காருங்க," என்றாள் கைடிரா. "நாலு மாசமா எனக்காகப் பேசாதவரு இப்பப் பேச வேண்டாம்." தோக்கா உட்கார்ந்தான். உட்காரத்தான் அவனுக்குத் தெரியும்.

போட்டிகா தவழ்ந்தே வந்து அவள் காலைப் பிடித்தாள். கைடிரா விலகப் பார்த்தாள், முடியவில்லை. அவளையும் அறியாமல் குனிந்து, அந்தப் பருத்த தோள்களைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். அழுதது இரண்டு பேரும்தான். ஆனால் கைடிராவின் அழுகையில் இன்னும் சூடு ஆறவில்லை.

"அடுத்த படகுல உங்கண்ணன் கால்ல நான் போய் விழறேன்டி. என் தங்கச்சிக்குப் பாய் விரின்னு கேக்கறேன்."

"போங்க அண்ணி. அதுக்கு முன்னாடி மட்டை சுமங்க. எட்டுக் குழி கிடக்கு."

ரோதியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'குழிகளை மூடலாம்' என்று எழுதியிருந்த வரியை அடித்தாள். கீழே புதிதாக எழுதினாள். நட்டது நூற்றிருபது. செத்தது நூற்றெட்டு. பன்றி தின்றது ஒன்று. நிற்பது பதினொன்று.

கைடிரா எட்டிப் பார்த்தாள். எழுதுகோலை வாங்கி, கோணல் எழுத்தில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்.

நொனோட்டியில் சாத்திய கதவு ஒன்று. ஊர் தர வேண்டிய பாக்கி.