பேராச்சிக்குத் திறந்த கண்கள்

திரை முழுக்கப் பச்சைக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. செத்துப்போன பேராச்சியின் நெற்றி, மூக்கு, சேலை முந்தி என்று எல்லாவற்றின் மேலும் ஓடியவை, அவள் கண்கள் இரண்டை மட்டும் தொடாமல் விலகிப் போயின.

இசக்கிமணி படத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். கண்கள் போன இடத்திலெல்லாம் கோடுகள் வழிவிட்டன. பன்னிரண்டு வருடத்துக் கிழட்டுக் கம்ப்யூட்டர், வீடியோ கார்டு சூடாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பகல் பதினொரு மணிதான். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் இறங்கி வந்து, தெருவை அந்திப்பொழுது போல மங்கலாக்கி வைத்திருந்தது. பிளெக்ஸ் டிசைன் செய்யும் அவன் கடைக்குள் ஈரத்துணி வாடையும் மை வாடையும் கலந்து கிடந்தன. கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு கதவுதான். கதவுக்கு அப்பால் அவன் மனைவி ஜெயசித்ராவின் தையல் மிஷின் நாலு தையல் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

மூன்று நாளாகவே அவளுக்குக் கண் மங்கல். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றாள். சாரல் காலத்துக் கண்வலி, சொட்டு மருந்து விடு என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவைத்தான். அந்த முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் இலத்தூர் பாண்டிராஜ் வந்திருந்தார். போலீஸ்காரர். தாயார் பேராச்சியின் பதினாறாம் நாளுக்கு பேனர் கேட்டார். கையில் இருந்ததோ பிணமாகக் கிடத்தியிருந்தபோது எடுத்த படம்: மூடிய கண், குழிந்து சுருங்கிய இமை, இடது இமையில் மிளகளவு மரு. ஆதார் படம் கரிப்பிடித்த தோசைக்கல்லாக இருந்தது. ராயகிரியில் அக்கா வீட்டில் ஒரு கல்யாண போட்டோ இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். அன்றைக்கு ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று இசக்கிமணியின் கூட்டாளிகள் வாசலில் வண்டியோடு நின்றார்கள். அலைச்சல் எதற்கு, கண்ணை நானே திறந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டான்.

இறந்தவர் படத்துக்குக் கண் திறப்பது அந்தத் தொழிலில் நடக்கிறதுதான். வேறொரு படத்திலிருந்து கண்ணை வெட்டி வைப்பார்கள். ஆனால் எந்த அவசரத்திலும் உயிரோடிருப்பவர் கண்ணைத் தொடமாட்டார்கள். இவன் தொட்டான். கோயில் கொடைத் திருவிழாவில் எடுத்த ஜெயசித்ராவின் படம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, வெளிச்சமும் பொருந்தி வந்தது. அதிலிருந்து கண் இரண்டையும் வெட்டிப் பேராச்சிக்கு வைத்தான். மருவை அழித்தான். சுருக்கம் இரண்டு சேர்த்தான். எல்லாவற்றையும் ஒரே படமாக்கிச் சேமித்துவிட்டு, கண் மூடிய பழைய படத்தை அழித்துவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாள் பாண்டிராஜ் திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எங்கம்மை இப்படித்தான் பார்ப்பா, அண்ணாச்சி. உசுரோட இருக்குத மாதிரியே இருக்கு," என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றதை நினைத்தால் இசக்கிமணிக்கு உடம்பு கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல வெட்கம். சந்தை முக்கில் பேனர் கட்டி இன்றோடு மூன்று நாள். அதைத் தாண்டித்தான் ஜெயசித்ரா காய் வாங்கப் போய்வருகிறாள். இன்றைக்குப் பதினாறாம் நாள். வீட்டில் வைக்கச் சின்னதாக ஒன்று வேண்டும் என்று பாண்டிராஜ் கேட்டதால்தான் படத்தை மறுபடி திறந்தான்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினான். மானிட்டரை மாற்றினான். கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியைத் திறந்து, கார்டை உருவி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, தூசியை ஊதி மறுபடி பொருத்தினான். கோடுகள் போகவில்லை. கார்டு பழுது பார்க்கும் பெலிக்ஸுக்கு போன் போட்டான். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் இடத்தில் கேபிளைச் செருகிப் பாருங்கள், கோடு போய்விட்டால் கார்டுதான் கோளாறு என்றார் அவர். கண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால், யார் கண் என்று கேட்பாரே.

கார்டைக் கழற்றினான். சூடான தகட்டு வாடையோடு, எங்கிருந்தோ வாடிய மாலையின் வாடை வந்தது. கேபிளை மாற்றிச் செருகி ஆன் செய்தான்.

கோடு இல்லை. ஒன்றுகூட இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். படத்தைத் திறந்தான்.

பேராச்சி பளிச்சென்று இருந்தாள். கண்கள் ஈரமாக இருந்தன. அவன் ஈரம் வைக்கவில்லை.

பெரிதாக்கினான்.

கருவிழி நகர்ந்தது. கடைச் சுவரைப் பார்த்தது. ஃபேனைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது. ஆறு வருடம் கூடவே வாழ்ந்த கண். அவனை அடையாளம் தெரிந்துகொண்டது.

தையல் மிஷின் சத்தம் இல்லை. எப்போது நின்றது?

அழித்துவிடலாம். விரல் டிலீட் பட்டன் மேல் போய் நின்றது. அழிந்தால் யார் கண் அழியும்? மூடிய கண் படம் இருந்தால் மாற்றி வைக்கலாம். அதைத்தான் அழித்தாயிற்றே. பாண்டிராஜிடம் மறுபடி கேட்க எந்த முகத்தோடு போவது?

"ஏங்க," என்றாள் ஜெயசித்ரா உள்ளேயிருந்து. "அங்கனயும் கரண்டு போயிட்டா?"

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளினான். ட்யூப்லைட் எரிந்தது. அவள் அதன் கீழேயே, மிஷினுக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே. உன் கண்ணைத்தான் எடுத்தேன் என்று. வாயில் வந்தது வேறு.

"இங்கன பாரு, சித்ரா. கண்ணத் தொறந்து பாரு."

"தொறந்துதான வச்சிருக்கேன்," என்று குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நீங்க எங்கன நிக்கிய?"

இருபத்தெட்டு வயது முகம். அதில் இரண்டு கிழட்டு இமைகள் குழிந்து, சுருங்கி, மூடிக் கிடந்தன. இடது இமையில் மிளகளவு மரு.