ஒன்பது நாள் இருட்டு

கோட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது. நூலளவுதான். ஆனால் உப்புத் தண்ணீர் மீன் தொட்டியில் தண்ணீர் குறையத்தான் செய்யும். தினமும் கொஞ்சம் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவன் பார்த்த அத்தனை வீடியோவிலும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டிருந்தான். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அவன் வேலை. பன்னிரண்டு வருடத்தில் ஓர் எண்ணைக்கூடத் தப்பாகப் படித்ததில்லை. குனிந்து மறுபடி பார்த்தான். அவன் ஒரு சொட்டும் ஊற்றியிருக்கவில்லை.

மனைவி பிரிந்து போய் ஒரு வருடம். ஏழு வயது மகள் சனிக்கிழமை காலையில் வருவாள். மாலை ஆறு மணிக்கு அம்மா வந்து அழைத்துப் போய்விடுவாள். இந்த ஒற்றை அறை வீட்டில் மகள் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. "உன் வீட்ல பாக்க ஒண்ணுமே இல்லப்பா" என்று போன மாதம் சொன்னாள். குழந்தை பொய் சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்று தைத்தது. மனைவியிடம் போனில் கெஞ்சிப் பார்த்தான். "அவளா தங்குறேன்னு சொன்னா தாராளமா தங்கட்டும்ங்க. நானா தடுக்கிறேன்?" என்றாள். தடுக்கத் தேவையே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு வாங்கி வைப்பதாக மகளிடம் வாக்குக் கொடுத்த பிறகுதான் கடைக்குப் போனான். கடல் மீன் வளர்ப்பது வசதியானவர்கள் விளையாட்டு என்பது அங்கே போய்த்தான் உறைத்தது. வேறு வழியில்லாமல் பழைய தொட்டி விற்கும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தான். தொட்டி, பம்ப், விளக்கு எல்லாம் அடிமாட்டு விலை. கடல் பாறைகள் ஒரு வாளி நிறைய, சும்மாவே.

"பேரனுக்காக வெச்சது," என்றார் பெரியவர். "இப்ப அவன் அதைப் பாக்கறதில்ல."

பாறைகளை அவர் கையால் தொடவில்லை. மூடிய வாளியைக் காலால் தள்ளி விட்டார். "நாலு வாரம் திறக்காதீங்க தம்பி. வெளிச்சமே படக்கூடாது. உள்ள இருக்கிற பூச்சி பொட்டெல்லாம் செத்து, நாத்தம் அடங்கின பிறகு தொட்டியில போடுங்க."

நான்கு வாரத்துக்கு எங்கே போவது? மகளுக்குச் சொன்ன சனிக்கிழமைக்கு இரண்டு வாரமே இருந்தது. ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தான். அழுகல் நாற்றமே இல்லை. வெயிலில் ஆடிவிட்டு வந்த குழந்தையின் தலையில் அடிக்குமே, அந்த வியர்வை வாசம் மட்டும் லேசாக வந்தது. நல்லதாகப் போயிற்று என்று பாறைகளை எடுத்து அடுக்கி, தண்ணீர் நிரப்பி, கோடு போட்டான். நாற்றம் இல்லையென்றால் உள்ளே எதுவும் சாகவில்லை என்பது அந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

முதலில் நூலளவு நின்ற தண்ணீர் மறுநாள் கோட்டுக்கு மேலே அரை விரல் ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு விரல். ஒரு குவளை மொண்டு கொட்டினான். காலையில் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பம்பின் ரீங்காரத்துக்கு அடியில், காதைக் கண்ணாடியில் வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, மென்று விழுங்குவது போல ஏதோ ஒன்று நிதானமாக நடந்துகொண்டிருந்தது. வாங்கி விட்ட இரண்டு மீன்களும் பாறைப் பக்கமே போகாமல் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கின. உப்பின் அளவைச் சோதித்தான். மாறவில்லை. அப்படியானால் தண்ணீர் கூடவில்லை. உள்ளே எதுவோ பெருத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தண்ணீர் விளிம்பைத் தொட்டது. எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்று வாளியைக் கையில் எடுத்தான். கொட்டினால் நாளைக்குக் காட்ட என்ன இருக்கிறது? வெறும் சுவர். வாளியைக் கீழே வைத்தான். பயமாக இருந்தது. அவமானம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மகள் வந்தாள். "ஐ! கார்ட்டூன்ல வர்ற நீமோ மாதிரியே வரி வரியா இருக்குப்பா!" என்று குதித்தாள். அன்று முழுவதும் மூக்கைக் கண்ணாடியில் வைத்தபடியே இருந்தாள். ஒரு தடவைகூட மணி என்ன என்று கேட்கவில்லை. அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

ஐந்தரை மணிக்கு ரொட்டி வாட்டச் சமையலறைக்குப் போனான். ஐந்து நிமிடம். அதற்கு மேல் இல்லை.

பம்பின் சத்தம் மாறியது. கர்புர். காற்றை உறிஞ்சுகிற சத்தம்.

ஓடி வந்தான்.

தொட்டியில் தண்ணீர் பாதியாகியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. பெரிய பாறை இரண்டாகப் பிளந்திருந்தது, உள்ளே வழவழவென்று ஒரு வெற்றுக் குழி. மீன்கள் இரண்டும் அதற்குள் புகுந்து புகுந்து குஷியாக நீந்தின.

மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கழுத்து மட்டும் ஈரம். உதட்டோரம் வெள்ளையாக உப்பு.

"பாப்பா? தண்ணி எங்கடா?"

"ரொட்டி வேணாம்ப்பா. வயிறு ரொம்பிடுச்சு." உதடுகளைச் சரியாகத் திறக்காமலே பேசினாள். "இன்னைக்கு நான் இங்கயே தங்குறேன்ப்பா."

ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. வெட்கமில்லாமல் மனசு துள்ளியது.

போன் அடித்தது. "கீழ நிக்கறேன். அனுப்புங்க," என்றாள் மனைவி. பதிலுக்கு அவன் போனை மகள் முன்னால் நீட்டினான்.

"நான் அப்பா வீட்லயே தங்குறேம்மா."

"நெஜமாவா?" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. "அங்க எல்லாம் சரியா இருக்கில்லங்க?"

சொல்லியிருக்கலாம். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. "எல்லாம் நல்லா இருக்கு," என்றான்.

கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். தேய்ந்து மறைந்தது.

"வாயத் தொறடா கண்ணு. அப்பா பாக்கறேன்."

திறந்தாள். அவன் குனிந்தான். அவன் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் விரிந்திருந்த சிவப்பு விசிறி ஒன்று, சட்டென்று, தொண்டைக்குள் இழுத்துக்கொண்டது.

அவன் பின்னால் சாய்ந்தான். விளக்கு வெளிச்சம் மறுபடி அவள் முகத்தில் பட்டது.

மகள் வாயை மூடவில்லை. சிரித்தாள். மெல்ல, இழை இழையாக, அது மறுபடி விரியத் தொடங்கியது.