இடது பக்கப் பின் இருக்கை

வண்டியை அணைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகும் பின் இருக்கையில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஜாக்சன் கதவைப் பிடித்தபடி குனிந்து கேட்டான். உள்ளே இழுக்கும் சத்தம், ஒரு சின்ன நிறுத்தம், பிறகு வெளியே விடும் சத்தம். டேஷ்போர்டில் வைத்திருந்த சந்தன டப்பாவையும், தோலுறைக்குப் பூசிய பாலிஷையும் தாண்டி, கரையில் குவித்துப்போட்ட சங்குக்குள் சதை அழுகும்போது வருமே, அந்த வாடை பின்னாலிருந்து மெல்ல வந்தது. வெளியே நல்ல வெயில். கச்சான் காற்று உப்புத்தூசியை வாரித் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது. அவன் மட்டும் அந்த வெயிலில் நின்று குளிரில் மாட்டியவன்போல் கையைத் தேய்த்துக்கொண்டான்.

பனிமய மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள அந்தத் தெருவுக்கு இப்படி ஒரு வண்டி வந்ததே ஒரு பெருநாள்தான். பாதி பெட்ரோல், பாதி பேட்டரியில் ஓடும் ஜப்பான் வண்டி. கொச்சியில் ஒரு டாக்டர் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆண்டு முடித்தது. புதிதாக வாங்க நினைத்திருந்தால் ஜாக்சன் தன் சங்குகுளி வள்ளத்தை விற்றாலும் ஒரு கதவுகூடத் தேறாது. பழசானாலும் பெரிய வீட்டுப் பொருள் பெரிய வீட்டுப் பொருள்தானே. ஞாயிறு பூசைக்கு நடந்தே போகலாம், அவ்வளவு தூரம்தான். ஆனாலும் காரில்தான் போவான். கோயில் வாசலில் நிறுத்தி, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்வரை இறங்கமாட்டான்.

எதிர்வீட்டு அமலோற்பவத்துக்கு அந்த வண்டியைக் கண்டால் ஆகாது. வந்த வாரமே அவளுடைய முட்டைக் கோழி ஒன்று அதன் சக்கரத்துக்கு அடியில் போனது. பேட்டரியில் வந்தால் சத்தமே இருக்காது, கோழிக்கு எப்படித் தெரியும்?

“ஏலே ஜாக்சா, பொணம் வாரது மாதிரி சத்தமில்லாம வாரியே, ஒரு ஹாரனாவது அடிச்சாத்தான் என்னலே?” என்பாள். பிறகு குசினிக்குள் திரும்பி, தெருமுனை வரை கேட்கும்படி முணுமுணுப்பாள். “தங்கச்சி புருசன் செத்த ஈரம் காயல, தொர காரு வாங்கிட்டாரு.”

அந்த இரண்டாவது பேச்சுதான் ஜாக்சனுக்குத் தைக்கும்.

தங்கை ஸ்டெபியின் கணவன் ரெனிஷ் சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்கும் குளிகாரனாக இருந்தவன். வள்ளத்தில் டீசல் இன்ஜின் ஓட்டும் கம்ப்ரெஸர் இருக்கும், அதிலிருந்து குழாய் வழியாகக் காற்று போகும், இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மேலே ஒருவன் கையில் இருக்கும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க எவனும் துணியமாட்டான் என்கிற நம்பிக்கை. போன வருஷம் கம்ப்ரெஸர் காலைவாரிவிட்டது, கயிறு ஆடிய உடனே தூக்கினேன், அதற்குள் ஆள் போய்விட்டான் என்றான் ஜாக்சன். ஊர் கேட்டுக்கொண்டது. ஸ்டெபியும் கேட்டுக்கொண்டாள். கயிறு பிடித்த மச்சானே சொன்னால் மறுபேச்சு ஏது?

மறுநாள் ரெனிஷின் ஓராண்டுப் பூசை. அவன் பிறந்த பெரியதாழையில். அதற்குள் அந்த மூச்சை நிறுத்தியாக வேண்டும்.

ஒர்க்ஷாப் வைத்திருக்கிற ஷாமுக்கு அடுத்தவன் வண்டிக் கோளாறு என்றால் கல்யாணச் சாப்பாடு.

“அண்ணாச்சி, பேட்டரிக்கும் மூச்சு வேணும்லா? பின் சீட்டுக்குப் பக்கத்துல ஓட்டை இருக்கு பாத்தியளா? உள்ள ஒரு ஃபேன் கெடக்கு. காத்தை இழுத்துப் பேட்டரியைக் குளுர வைக்கும். இதுக்கா மூஞ்சி வெளிறிப்போய் வந்திய?”

“அணைச்ச பொறவும் ஓடுதே?”

“சூடு இருந்தா ஓடும். நீங்களும் மெத்தையில படுத்தாப்பில ஒறங்கிருவியளா?”

சிரித்துக்கொண்டே இடது பக்கப் பின் இருக்கையைக் கழற்றினான். காற்றுப் பாதையைத் திறந்ததும் மணல் கொட்டியது. ஈர மணல். கூடவே கறுத்த கடல்பாசி, விரல்நகம் அளவுக்கு ஒரு சிப்பி.

ஷாம் விழுந்து விழுந்து சிரித்தான். “வெள்ளத்துல முங்குன வண்டியைக் கழுவித் தொடச்சு ஒங்க தலையில கட்டிட்டான் அண்ணாச்சி!”

வாழ்க்கையில் முதல்முறையாக ஏமாற்றப்பட்டதற்காக ஜாக்சன் சந்தோஷப்பட்டான். வெள்ளம். அவ்வளவுதான். யாரோ ஒருவன் ஊரில், யாரோ ஒருவன் வாசலில் வந்த வெள்ளம். சிப்பி ஆற்று வெள்ளத்தில் எப்படி வந்தது என்று கேட்க அவனுக்கு மனமில்லை.

புது ஃபேன் வர நாளாகும் என்று சொல்லி, பழையதைக் கழற்றி ஒரு பாலிதீன் பையில் போட்டு முன் இருக்கையில் வைத்தான் ஷாம். “எச்சரிக்கை லைட்டு எரியும், கண்டுக்காதீய. மெதுவா போங்க. இனி இது மூச்சு விடாது.”

ஒர்க்ஷாப்பைத் தாண்டி வளைந்ததுமே ‘டிங் டிங்’ என்றது வண்டி. திரையில் எழுத்து: இடது பக்கப் பின் இருக்கை, பெல்ட் போடவில்லை. ஜாக்சன் கண்ணாடியில் பார்த்தான். இருக்கை காலி. நடுவில் மட்டும் ஒரு குழி, ஆள் உட்கார்ந்ததுபோல.

மறுநாள் பிற்பகல் ஸ்டெபி வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள்.

“பஸ்ஸுல போயிருவோம் ளா. வண்டி சரியில்ல.”

“ஒன் காருலதான் வாரேன். ஊரே ஏறிப் பாத்தாச்சு, நான் ஒருத்திதான் பாக்கி.”

“அப்ப முன்னால ஏறு.”

“அங்கன ஏதோ பை கெடக்கு. நான் பின்னால இருந்துக்கிடுதேன்.”

அவன் பையை எடுக்கக் கை நீட்டுவதற்குள் பின் கதவு சாத்தியாகிவிட்டது. இடது பக்கம். எதிர்வீட்டு வாசலில் அமலோற்பவம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வழக்கமான கேலிதான் என்று நினைக்க முயன்றான்.

உப்பளங்கள் இரண்டு பக்கமும் வெள்ளையாய் விரிந்து கண்ணைக் கூசவைத்தன. பாத்திகளில் தேங்கிய நீர் காற்றில் சுருங்கியது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலின் பச்சை வாசம் வண்டிக்குள் வந்து, கொஞ்ச நேரம் நின்று, வந்த வழியே போய்விட்டது. அதன் இடத்தில் சங்கு வாடை வந்து உட்கார்ந்தது.

“அண்ணே, இந்த பெல்ட்டு நனஞ்சிருக்கு.”

“ஏசித் தண்ணியா இருக்கும்.”

“உப்புக் கரிக்கி.”

அவள் எதற்காக அதை நக்கிப் பார்த்தாள்? வேகத்தைக் கூட்டினான்.

திருச்செந்தூர் தாண்டியது. குலசேகரன்பட்டினத்துக்கு அப்பால் வெயில் சாய்ந்து, பனைகளின் நிழல் சாலையைக் குறுக்கே அறுத்துக் கிடந்தது. ஆட்டு மந்தை ஒன்று கடக்க, அவன் வேகத்தைக் குறைத்தான். இன்ஜின் தானாக நின்றது. இந்த வண்டியின் பழக்கம் அது. பேட்டரியில் ஊரும்போது ஒரு சத்தமும் இருக்காது.

சத்தம் இருந்தது.

உள்ளே இழுத்தது. நிறுத்தியது. வெளியே விட்டது.

ஃபேன் அவன் பக்கத்து இருக்கையில், பாலிதீன் பைக்குள், முடிச்சுப் போட்டபடி கிடந்தது.

பிறகு புகை வாடை. பெட்ரோல் குடிக்கும் வண்டிக்குள் டீசல் புகை. அவன் ஜன்னல்களை எல்லாம் இறக்கினான். கச்சான் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போனது. புகை மட்டும் போகவில்லை. ரெனிஷ் கடைசியாக இறங்கிய அன்றைக்கும் இதே காற்றுதான். இன்ஜின் புகையை வாரிக்கொண்டுபோய்க் கம்ப்ரெஸர் வாயில் திணித்தது. குழாய்க்குள் காற்றுக்குப் பதில் புகை இறங்கியது. ஜாக்சன் அதைப் பார்க்கவில்லை. கயிற்றை வள்ளத்தின் குறுக்குக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போனில் கொச்சிக்காரன் வீடியோ காலில் காட்டிய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோல் இருக்கைகள். இந்த இருக்கைகள்.

கட்டையில் கயிறு துடித்தது. தெரிந்தது.

‘ஒரு நிமிசம்’ என்றான். போனில் இருந்தவனிடம் அல்ல. கயிற்றிடம்.

“அண்ணே.”

“என்ன ளா?”

“பெல்ட்டு இழுக்கு.”

“லாக் ஆயிருக்கும். அப்பிடித்தான் இழுக்கும். கழட்டிரு.”

“கழட்டிட்டேன். அப்பவும் இழுக்கு.” அவள் குரலில் பயமே இல்லை. அதுதான் அவன் முதுகில் ஏறியது. “நீளமா ஒண்ணு. பொறவு குட்டையா ஒண்ணு. திரும்பவும் நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு.”

அவன் கடைசி ஆட்டையே பார்த்தபடி வண்டியை ஊரவிட்டான்.

“அதுக்கு என்ன அர்த்தம்ணே?”

குளிகாரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா? அந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். என்னைத் தூக்கு. அவ்வளவுதான் அர்த்தம்.

“எவ்வளவு நேரமா இழுத்துக்கிட்டே கெடக்கு பாரு” என்றாள். “பாவம். நீ தூக்கலையாண்ணே?”

“ஒரு நிமிசம்” என்றான் ஜாக்சன்.

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது.

பின்னால் அவள் அசையவில்லை. கண்ணாடியில் அவள் கண்கள் அவன் மேலேயே இருந்தன. மெதுவாக நிறைந்தன. ஒரு வருஷமாக அவள் கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“சரி” என்றாள். “அப்ப நான் தூக்குதேன்.”

கால் இரண்டையும் அவன் இருக்கையின் முதுகில் ஊன்றினாள். இழுக்கத் தொடங்கினாள். கை மாற்றிக் கை. கை மாற்றிக் கை.

பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. அவள் நிற்கவில்லை.

பெல்ட் வந்தது. மடியில் விழுந்தது. இன்னும் வந்தது. ஒரு பெல்ட்டுக்கு அத்தனை நீளம் கிடையாது. இப்போது அது பெல்ட்டும் இல்லை. நைலான் கயிறு. நடுவில் சிவப்புத் துணி கட்டிய அடையாளம். ஜாக்சன் தன் கையால் கட்டியது.

கதவைத் திறக்கப் போனான். திறக்கவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டினான். ஆட்டுக்காரன் தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். கத்தினான். சத்தம் வரவில்லை. நெஞ்சு நிறையப் புகை.

“கனமா இருக்குண்ணே” என்றாள் ஸ்டெபி, மூச்சிரைக்க. “பக்கத்துல வந்துட்டாரு.”

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. முன்பக்கம் எழுந்தது. முன்கண்ணாடிக்கு வெளியே சாலை மறைந்து வானம் வந்தது.

மூச்சுச் சத்தம் நின்றது.

கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான். அவள் தோளுக்கு மேலே, கயிறு வெளிவரும் அந்த ஒடுங்கிய வாயில், தண்ணீரில் ஊறி வெளுத்த நாலு விரல்கள். ஏறி வருகிறவன் வள்ளத்தின் விளிம்பைப் பிடிப்பதுபோல, அவன் பாலிஷ் போட்டு வைத்திருந்த தோலுறையை அவை இறுகப் பிடித்திருந்தன.