ஒரு நாடியும் ஏறவில்லை

காலையில் எழுந்து பல் விளக்கியதும் டெல்சியா செய்கிற முதல் வேலை, யாரையாவது சாகடிப்பதுதான். நேற்று ஒரு பேருந்தைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தாள். இன்றைக்குப் படகு. எல்லாம் ஒலிபரப்புக் கல்லூரி அனுப்பிவைத்த மாதிரிச் செய்திகள். நேர்முகத் தேர்வு நெருங்கிவிட்டது, தினம் ஒரு சாவாவது வாசித்துப் பழகவேண்டியிருந்தது.

எதிரே ஸ்டூலில் அவள் அம்மா ரொசாரி, இடது கையில் நாடிக்காப்போடு, ஊசி போடக் காத்திருக்கிற நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

டெல்சியா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "மடத்துறைக் கடற்பரப்பில் இன்று அதிகாலை ஒரு விசைப்படகு தன் பயணத்தை நிறைவுசெய்தது. அதிலிருந்த ஆறு பேர் கடலோடு இணைந்தனர்."

அம்மாவின் காப்பு சிவந்து கீச்சென்று கத்தியது.

"எம்மா!"

"நான் என்னட்டி செய்ய? ஆறு உசுரு போச்சுன்னு சொல்லுதே. நெஞ்சு அடிக்காம கெடக்குமா?"

"பொய்ச் செய்திம்மா. படகும் கிடையாது, ஆளும் கிடையாது."

"பொய்யின்னாலும் பெத்தவ ஒருத்தி இருப்பாள்லா?"

இப்படி ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு யாரால் செய்தி வாசிக்க முடியும்? டெல்சியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சட்டம் அப்படி. கேட்போர் நலச் சட்டம் என்று பெயர். செய்தி எதுவானாலும், கேட்கிறவனின் நாடித்துடிப்பு ஏறக் கூடாது. ஒவ்வொரு கையிலும் ஒரு காப்பு. ஒவ்வொரு வீட்டிலும், பேருந்திலும், தெருமுனையிலும் ஒரு செய்திப்பெட்டி. ஊரிலுள்ள காப்புகளின் கணக்கெல்லாம் நொடிக்கு நொடி ஒலிபரப்பு நிலையத்துக்குப் போய்விடும். வாசிக்கிறவர் குரலால் பத்து நாடி ஏறினால் எச்சரிக்கை, நூறு ஏறினால் மைக் அணைந்துவிடும். ஆரம்பத்தில் நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் சேனல்காரர்கள் நடிகர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சுனாமிக்கும் ஒரே கத்தல் கத்தி, ஜனங்களின் ரத்தக் கொதிப்பில் காசு பார்த்தார்கள். சரி, கத்தலை நிறுத்தியது நியாயம். அதற்காகச் சாவையும் தாலாட்டாக்கிக் கொடுக்க வேண்டுமா? இதைக் கேட்க ஒரு நாதி இல்லை. கேட்டால் நாடி ஏறுமே!

ரொசாரி மடத்துறைக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் குரல் எடுத்தால் கடலுக்குள் நிற்கிற வள்ளத்துக்காரன் திரும்பிப் பார்ப்பான். நலத்துறைக்காரர்கள் இரண்டு முறை வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். டெல்சியா தொண்டைக்குள்ளும் அதே குரல்தான் குடியிருந்தது. முதல் முறை நேர்முகத்துக்குப் போனபோது வாய் திறந்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது இரண்டாம் முறை. மூன்றாம் வாய்ப்பு யாருக்கும் கிடையாது.

அதனால்தான் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள். ஊரிலேயே சட்டென்று ஏறிவிடுகிற நாடி அவள் அம்மாவுடையதுதான். அதை அடக்கிவிட்டால் எந்த நாடியையும் அடக்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. எந்த எழுத்தில் அழுத்தினால் அம்மாவுக்குப் பதறுகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்கினால் திகிலடைகிறாள், 'இறந்தனர்' என்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றால் கண் கலங்குகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். இரண்டு மாதம் இதே பாடு.

தேர்வுக்கு முந்தின நாள் அந்தப் படகை மறுபடி கவிழ்த்தாள். ஆறு பேரும் கடலோடு இணைந்தார்கள். காப்பு பச்சையாகவே இருந்தது. ரொசாரி கொட்டாவி விட்டாள்.

"ஏட்டி, பச்சை! பச்சைட்டி!" என்று அவள் கத்திய கத்தலில்தான் காப்பு சிவந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு மதியம் வீட்டில் சீலா மீன் குழம்பு.

கல்லூரி நகரத்தில் இருந்தது, பேருந்தில் மூன்று மணி நேரப் பயணம். தேர்வறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர் கோதண்டபாணி, இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர்.

"பதற்றம் எதற்குச் சமம்?" என்று கேட்டார்.

"வன்முறைக்குச் சமம், ஐயா."

"செய்தியாளரின் முதல் கடமை?"

"கேட்போரின் அமைதி, ஐயா."

மனப்பாடம் செய்த பதில்கள். அவளுக்கே வாய் கசந்தது. ஆனால் சீட்டு வேண்டுமே. உள்ளே நுழைந்துவிட்டால் என்றாவது ஒரு நாள் உண்மையான ஒரு செய்தியைச் சொல்லிவிட முடியாதா என்ற நப்பாசை.

திரையில் ஒரு செய்தி வந்தது. தலைப்பு, மடத்துறை குளிர்க்கிடங்கில் அமோனியா கசிவு; அதன் கீழே வாசிக்கவேண்டிய வரிகள். அவளுக்குத் திக்கென்றது. மேலத்தெரு கிடங்கின் மதிலை ஒட்டியது. மேலத்தெருவில்தான் அவள் வீடு.

"ஐயா, இதுவும் மாதிரிச் செய்திதானே?"

"உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பதறுகிறீர்களா? அதற்குத்தான் தேர்வே. எதுவாக இருந்தால் என்ன, வாசியுங்கள்."

ஓ, சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சொந்த ஊரை வைத்து மடக்கப் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் அசருகிற ஆளா? கண்ணை ஒரு தரம் மூடி, எதிரே ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாசித்தாள்.

"மடத்துறை குளிர்க்கிடங்கிலிருந்து சிறிதளவு வாயு வெளியேறிவருகிறது. மேலத்தெரு மக்கள் வசதிப்படும்போது கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொள்ளலாம்."

ஒரு மூச்சு பிசகவில்லை. கோதண்டபாணி முன்னாலிருந்த திரையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார். மூன்று பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள். ஒரு நாடியும் ஏறவில்லை! இந்தக் கல்லூரியில் இதுவரை யாரும் இதைச் செய்ததில்லை. சீட்டு உங்களுக்குத்தான்."

"இரண்டு லட்சம் பேரா? யார் கேட்டது?"

"கேட்பவர் இல்லாமல் நாடியை எப்படி அளப்பது? நேரலையில்தான் வாசித்தீர்கள்."

"அப்படியானால் செய்தி..."

"செய்தி உண்மைதான். ஏன், குரல் நடுங்குகிறதே. தணியுங்கள், தணியுங்கள்."

அவள் அந்தக் கண்ணாடியை ஓங்கி அறைந்தாள். "எங்க தெருய்யா அது! ஓடுங்கன்னு சொல்லவேண்டியதை, நகர்ந்துகொள்ளலாம்னு என் வாயாலயே சொல்ல வச்சிட்டீங்களே, பாவிகளா!" அவர்கள் கைக்காப்புகள் மூன்றும் ஒரே நேரத்தில் கீச்சிட்டன. கோதண்டபாணி முகம் சுளித்தபடி தன் காப்பைப் பொத்திக்கொண்டார். ஒரு ஊரே மூச்சுத் திணறுகிறது, அந்த மனிதனுக்குத் தன் நாடிதான் பெரிதாகப் போயிற்று!

அம்மா போனை எடுக்கவில்லை. திரும்புகிற பேருந்தில் செய்திப்பெட்டி அதே செய்தியை அவள் குரலிலேயே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல குரல் கிடைத்தால் விடுவார்களா? பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கேட்டபடியே அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். டெல்சியாவுக்குத் தன் தொண்டையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போலிருந்தது.

கீழத்துறை ஆஸ்பத்திரியில் மேலத்தெருவே கிடந்தது. எட்டு பேர் அங்கே வந்து சேரவே இல்லை. ரொசாரி கண் இரண்டும் வீங்கி, மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். தொண்டை வெந்துபோயிருக்கிறது, இனிக் குரல் வருவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார்.

டெல்சியா குனிந்து காதை அம்மாவின் வாயருகே வைத்தாள்.

"நீ வாசிச்சதைக் கேட்டேம்ட்டி," என்றாள் ரொசாரி, காற்று மட்டும் வருகிற குரலில். "நாத்தம் வந்துச்சுதான். ஐஸ் கம்பெனி நாத்தம் என்னைக்கும் உள்ளதுதானேன்னு இருந்தேன். காப்பைப் பாத்தேன், பச்சையா இருந்துச்சு. எம் பிள்ளை இவ்வளவு அழகா சொல்லுதாளே, பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னுட்டு உலையை வச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்: "சீட்டு கிடைச்சிருச்சாட்டி?"

"கிடைச்சிருச்சும்மா."

ரொசாரியின் வீங்கிய முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதைப் பார்க்க டெல்சியாவால் முடியவில்லை.

கூடத்துச் சுவரில் இருந்த பெட்டியில் அவள் குரல் மறுபடி ஆரம்பித்தது. "சிறிதளவு வாயு வெளியேறிவருகிறது." வாசல் பக்கம் பத்துப் பதினைந்து பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சமையலை அப்படியே போட்டுவிட்டு வந்தோம், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பேசிக்கொண்டார்கள். "வாயுவை அடைச்சிட்டாங்களா?" என்று டெல்சியா டாக்டரைக் கேட்டாள். இல்லை என்று அவர் தலையசைத்தார். பிறகு தன் காப்பைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

டெல்சியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். இரண்டு மாதமாக வெட்டி எறிந்ததெல்லாம் ஒரே மூச்சில் தொண்டைக்குத் திரும்பி வந்தது.

"போகாதீய! மேலத்தெருவுக்கு ஒருத்தரும் போகாதீய! இன்னும் அடைக்கலை! எட்டு பேரு செத்துட்டாவ! கடலோட இணையலை, ஒண்ணும் நிறைவாகலை, செத்துட்டாவ!"

வாசலில் நின்றவர்கள் பையைக் கீழே போட்டார்கள். கூடம் முழுக்கக் காப்புகள் சிவந்து கத்தின. யாரோ ஓவென்று அழத் தொடங்கினார்கள். அன்றைக்கு மடத்துறைக்காரர்கள் அழுத முதல் அழுகை அது.

ரொசாரியின் காப்பும் சிவந்து கத்தியது. அதை அணைக்க நர்ஸ் ஓடிவந்தாள். ரொசாரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.