ஐந்நூறு அடிக்குக் கீழே

மதுரை விமான நிலையத்தின் ரேடியோ கோபுரம் பின்னால் இருந்தது. விமானத்தின் திசைமுள் அதை முன்னால் காட்டியது.

சண்முகையா கண்ணாடியைத் தட்டினான். அசையவில்லை. 1981 பங்குனி மத்தியானம். நெற்றியிலிருந்து மூக்குவரை கவிந்த பயிற்சி மறைப்புக்குள் கருவிப் பலகை மட்டுமே தெரிந்தது. பெட்ரோல் நெடி, வெந்த ரெக்ஸின் வாசம், பல்லுக்குள்வரை அதிரும் ஒற்றை எஞ்சின். வெளியே பார்ப்பது பக்கத்து சீட்டுக் காசியின் வேலை. நாளை மறுநாள் பரீட்சை: கண்ணை நம்பாமல் கருவிகளை நம்பி இறங்க வேண்டும். மதுரையிலேயே பழகியிருக்கலாம். சொந்த ஊரான சங்கரன்கோவில் கோபுரத்தையே ஓடுபாதையாக வைத்துக்கொள்வோம் என்று காசிதான் கிளப்பிவிட்டான்.

"எங்கம்மா மாடியில வத்தல் காயப்போடுவா. தலைக்கு மேல ஒரு சத்தம் குடுப்போம்லே."

"வத்தல் பறந்தா வெளக்குமாத்தோட மதுரைக்கே வந்துருவா. ஆயிரம் அடியில ஏத்துன்னு சொல்லணும், மறந்துராத."

"சொல்லுதேன் மாப்ள."

இப்போது ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நூறு.

ஆயிரம்.

"காசி, ஏத்தட்டுமா?"

"வேண்டாம். பாதை தெரியுது."

"நம்ம ஊர்ல ஏதுலே பாதை?"

"ரெண்டு பக்கமும் ஆளுங்க நிக்காங்க. எறக்கு."

காசியின் குரல்தான். ஆனால் இடையில் மூச்சு விடவே இல்லை.

சண்முகையா எஞ்சினை முழுவேகத்துக்குத் தள்ளி, மூக்கைத் தூக்கும் கட்டையை நெஞ்சோடு இழுத்தான். எஞ்சின் அலறியது. விமானத்தின் மூக்கு மேலே தூக்கியிருப்பதாகக் கருவி சொன்னது. உயரமானியோ இறங்கிக்கொண்டே இருந்தது. அது கடல்மட்டத்திலிருந்து அளப்பது. ஊர்த் தரையே ஐந்நூறு அடி.

எழுநூறு.

அறுநூறு.

கண்ணை இறுக மூடினான். ஐந்நூற்றில் மோத வேண்டும்.

மோதவில்லை. கண்ணைத் திறந்தான்.

நானூற்று ஐம்பது. பலகைமேல் விழுந்த வெயில் அணைந்தது. நனைந்த கரிசலின் வாடை. இறக்கைகளை ஏதோ இரண்டு பக்கமும் உரசியது. நிதானமாக. நீளமாக.

நானூறு.

மறைப்பைப் பிய்த்தெறிந்தான்.

கண்ணாடி முழுக்கக் கறுத்த மண், மேல்நோக்கி நழுவிக்கொண்டிருந்தது. அறுந்த வேர்கள். வேர்களுக்கு இடையே உள்ளங்கைகள், கண்ணாடியில் அப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில்.

காசி அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி, தன் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டிருந்தான்.