நாற்பத்திரண்டு கிளிப்புகளும் ஒரு பறக்கும் கப்பலும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள் மீதும், அவற்றுக்கு முன்னால் இருக்கும் மூக்குக்கண்ணாடி மீதும் ஆணை. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தெரு நூலகத்தில் ஒரு நாவல் இருந்தது. மந்திரம், விஞ்ஞானம், காதல் மூன்றும் கலந்த நாவல். அதை வைத்தால் அலமாரி முனகும். எடுத்தால் பெருமூச்சு விடும். எழுதியவர் பெயர் இருந்த அட்டை மூலையை எலி தின்றுவிட்டது. திறமைசாலி என்று மட்டும் கேள்வி.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். படித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும். மூன்று பேர் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டால் புத்தகம் மூட்டைக்குப் போய்விடும். சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். கருத்துச் சொன்னவர்களே வந்து தங்கள் கையால் அந்த 'வேண்டாம்' மீது கோடு போட்டு அடித்தால்தான் புத்தகம் தப்பும்.

புதன்கிழமை மாலை நூலகர் அம்மா அந்த நாவலை மூட்டைக்குள் போடப் போனபோது, "மேடம், நில்லுங்க!" என்று ஒரு சத்தம் கேட்டது.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் வாலு. உண்மைப் பெயர் வேறு. அவள் அம்மாவே அதை மறந்துவிட்டார்.

"நாலாவது ஆளா பேர் குடுத்துட்டு ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்கேன் மேடம். இப்போ என் முறை!"

"முன்னாடி படிச்ச மூணு பேரும் வேண்டாம்னுட்டாங்கம்மா. நான் என்ன பண்றது?"

"நான் இன்னும் ஒரு வரிகூடப் படிக்கலையே!"

நூலகர் அம்மா யோசித்தார். "சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் வச்சுக்கோ. அப்புறம் மூட்டைதான்."

வாலு முதலில் அட்டையைப் படித்தாள்.

தபால்காரர் எழுதியிருந்தார்: "மந்திரம் பிரமாதம். ஆனால் பறந்து போன கப்பல் ஏன் திரும்பி வந்தது? காரணமே இல்லை. வேண்டாம்."

சைக்கிள் கடைக்காரர்: "இயந்திரங்கள் அருமை. ஆனால் கொதிகலனுக்கு நெருப்பே கிடையாது. கப்பல் எப்படிப் பறக்கிறது? வேண்டாம்."

தையற்கார அக்கா: "காதல் கதை என்றார்கள். முந்நூறு பக்கமும் பல்சக்கரம். வேண்டாம்."

வாலு புத்தகத்தைத் திறந்தாள். பக்கங்கள் கொத்துக் கொத்தாகக் கிளிப் போட்டு மூடியிருந்தன.

"மேடம், இதெல்லாம் நீங்க போட்டதா?"

"நான் எதுக்குப் போடப்போறேன்?"

வாலு உற்றுப் பார்த்தாள். காதல் வரும் பக்கங்களின் ஓரத்தில் தபால் முத்திரையின் நீல மை. மந்திரம் வரும் பக்கங்களின் ஓரத்தில் கறுப்பு கிரீஸ், பெருவிரல் அளவில். தபால்காரர் வெட்கப்பட்டுக் காதலை மூடிவிட்டார். சைக்கிள் கடைக்காரர் மந்திரத்தை நம்பாமல் அதை மூடிவிட்டார். மூடிய பக்கங்களைப் படிக்கக்கூடாது என்பது நூலகத்தின் உத்தரவு போலும் என்று நினைத்து, தையற்கார அக்கா மிச்சமிருந்த பல்சக்கரத்தை மட்டும் படித்திருக்கிறார்.

'நீங்கதான் மூடினீங்க' என்று போய்ச் சொல்லலாம். சொன்னால் அவர்கள் முகம் சிறுத்துப் போகுமே? வாலு கிளிப்புகளைக் கழற்றினாள். மொத்தம் நாற்பத்திரண்டு. கடைசிக் கிளிப் கழன்றதும் புத்தகம் மூச்சை இழுத்து விட்டு இரண்டு அங்குலம் பருத்தது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். அவர் ஒரு சைக்கிளின் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரே ஒரு பக்கம் படிக்கிறேன். கேக்கறீங்களா?"

"வேலை இருக்கு பாப்பா."

"கைக்குத்தானே வேலை? காது சும்மாதானே இருக்கு?"

கதாநாயகி கொதிகலனுக்குள் ஒரு மந்திரத்தை முணுமுணுக்கும் பக்கத்தை வாலு படித்தாள். நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது.

"அடேங்கப்பா! அழுத்தம் எவ்வளவு?"

"அடுத்த பக்கத்துல இருக்கு மாமா."

அவர் கேட்டுக்கொண்டே காற்றடித்தார், அடித்துக்கொண்டே கேட்டார். டியூப் வீங்கி, சைக்கிள் நாலு அடி உயரத்துக்குப் போய் நின்றது. நான் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லையே!"

"ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும் மாமா."

அவர் பக்கத்திலிருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார். தன் பெருவிரலைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அங்கிருந்து தையல் கடை. அக்கா ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு சம்மதிச்சாளா இல்லையா? சீக்கிரம் சொல்லு!"

"சம்மதம்னு கடிதம் எழுதிட்டா அக்கா. ஆனா கப்பல் கிளம்புற வரைக்கும் அது கப்பலை ஓட்டுற கதாநாயகன் கைக்குப் போகலை."

"ஐயோ! யாரு அந்த உதவாக்கரைத் தபால்காரன்?"

"என்னம்மா, என்னையா திட்டற?" என்று ஒரு குரல் கேட்டது. வாசலில் பார்சலோடு எங்கள் தபால்காரர்.

"உங்களை இல்லை மாமா. கதையில வர்ற தபால்காரர். கடிதத்தைக் குடுக்கலை."

"குடுக்கலையா? அப்படி ஒரு தபால்காரன் இருக்க முடியாது. எங்க, அதைக் குடு!"

வாங்கியவர் நின்றபடியே படித்தார். கதையில் வரும் தபால்காரர் மலை உச்சிக்கு ஓடி, மேகத்துக்குள் எம்பி, கப்பலின் ஜன்னல் வழியே கடிதத்தை எறிந்த இடத்தில் இவர் கண் கலங்கிவிட்டது.

"அதைப் படிச்சுட்டுத்தான் கப்பலைத் திருப்பினானா! முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"இப்போதானே மாமா பக்கம் கிடைச்சுது" என்றாள் வாலு, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அக்கா எழுந்தபோது திரைச்சீலையும் கூடவே எழுந்தது. தன் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்திருந்தார். தபால்காரர் பையிலிருந்த கடிதங்கள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, இறங்கித் தாமே வீடுகளுக்கு நடந்தன. எனக்கு வந்தது கதவைத் தட்டியது, நான்தான் திறந்தேன்.

சனிக்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூவரும் நூலகத்தில் நின்றார்கள். அக்கா கையில் இன்னும் கொஞ்சம் திரைச்சீலை இருந்தது. ஆளுக்கொரு கோடு போட்டுத் தங்கள் 'வேண்டாம்'களை அடித்தார்கள். உடனே சண்டை ஆரம்பித்தது.

"இப்போ முழுசாப் படிக்கணும். எனக்குக் குடுங்க."

"எனக்கு அழுத்தக் கணக்கு பாக்கியிருக்கு!"

"நான் ஒரு பாகம்தானே படிச்சேன்? எனக்குத்தான் முதல்ல!"

நூலகர் அம்மா மேசையைத் தட்டினார். "வரிசைன்னு ஒண்ணு இருக்கு. நாலாவது யாரு?"

வாலு இரண்டு கைகளாலும் நாவலை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். மற்ற மூவரும் மறுபடி பெயர் எழுதிக்கொடுத்தார்கள். பழைய பேப்பர்காரர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு எட்டாவதாகத் தன் பெயரைக் கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்து வாலு அட்டையில் எழுதினாள்: "கடைசி அத்தியாயம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. வேண்டும்."

அந்த நாவலை எழுதிக்கொண்டிருப்பவன் நான்தான். இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று வாலுவைத்தான் கேட்க வேண்டும்.